ஐந்து வரிச் சீட்டு

பெயர்களையும் தேதிகளையும் விட்டுவிட்டு எழுதுங்கள் என்று வக்கீல் சொன்னார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பெயர்களை விடுவதில் எனக்குச் சிரமம் இல்லை. தேதியை விடுவதுதான் கஷ்டம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், மாடியில் மல்லிகை முதல் மொட்டு விட்ட நாள் எல்லாம் என் டைரியில் இருக்கும். என் கணவர் இறந்த நேரத்தை டாக்டர் நாலு நிமிடம் தள்ளி எழுதியபோது திருத்தச் சொன்னேன். திருத்தினார். மாதமும் கிழமையும் சொன்னால் பாதகமில்லையே என்று வக்கீலிடம் கேட்டேன். அது போதும் என்றார். அவருக்குப் போதும்.

மன்றம் சிம்மக்கல்லில் ஒரு வாழைக்காய் மண்டிக்கு மேல் மாடியில் இருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கு பூசை, பௌர்ணமிக்குப் பொதுக் கூட்டம். எல்லாவற்றுக்கும் மேலே ஐயா. அவர் ஒரு காலத்தில் அலங்காநல்லூர்ப் பக்கம் பம்ப்செட் விற்றவர். தண்ணீர் வரும் என்று சொல்லிப் பழகிய குரல் அவருக்கு. கேட்பவர்கள் நம்புவார்கள். நானும் நம்பினேன். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே சேர்ந்தேன், ஆறு மாதத்தில் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். மன்றத்தில் எல்லோருக்கும் நான் செக்கரட்டரியம்மா.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் குடம் வைத்திருப்பார்கள். குறை உள்ளவர்கள் அதை ஒரு சீட்டில் எழுதி, பெயர் போடாமல் மடித்து உள்ளே போடலாம். பௌர்ணமியன்று ஐயா ஒவ்வொன்றாக எடுத்து, விளக்கின் முன்னால் உரக்க வாசித்துப் பதில் சொல்வார். எந்தச் சீட்டையும் வாசிக்காமல் விடக் கூடாது, ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது, விட்டால் விளக்குக்குக் குற்றம். விதியைச் சொன்னவர் ஐயா. மினிட் புத்தகத்தில் எழுதியவள் நான். எழுத வராதவர்களுக்குச் சீட்டும் நானே எழுதித் தருவேன். என் எழுத்து பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். அலுவலகத்தில் அப்படித்தான் கேட்பார்கள்.

இன்னொரு வழக்கம் தனி வாக்கு. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பின்பக்கச் சின்ன அறையில் ஐயா ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டு வாக்குச் சொல்வார். கூட வந்தவர்கள் கூடத்தில் இருக்க வேண்டும். யார் எப்போது போவது என்று பட்டியல் போட்டவள் நான். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் குறிப்பேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

ஆடி முதல் வெள்ளிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு, மறுநாள் சாப்பாட்டுக்காக நான்கு பேர் மன்றத்து மொட்டைமாடிச் சமையல் கொட்டகையில் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். நான் ஒருத்தி. திருவாதவூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள், முப்பது வயதுக்கு மேல். அவள் அம்மா ஊரார் வயலில் நடவு நட்டுப் படிக்கவைத்த பெண். இப்போது அவர்களுக்கே நிலம் இருக்கிறது. மூன்றாவது, வீட்டிலேயே துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்யும் சௌராஷ்டிர அம்மா, அறுபது வயது. நான்காவது அவருடைய மருமகள், பரமக்குடிப் பெண், கல்யாணமாகி இரண்டு வருடம்.

"அக்கா, நாளைக்குத் தனி வாக்கு லிஸ்ட்ல என் பேரு இருக்கா?" என்றாள் திருவாதவூர்க்காரி.

"மூணாவது."

"எடுத்துருங்க."

"காரணம்?" என்றேன். நோட்டில் காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு.

"எழுதப் போறீங்களா?"

"ஆமா."

"அப்ப எழுதிக்கங்க. போன தடவ கதவச் சாத்திட்டு, வாக்கு சொல்றேன்னு இடுப்புல கைய வச்சாரு. எடுங்கன்னேன். எடுக்கல. நானா எந்திரிச்சு வந்துட்டேன்."

நான் எழுதவில்லை. விதையைத் தனியாக ஒதுக்கினேன்.

"அது அருள் எறங்குற எடம்" என்றார் சேலைக்கார அம்மா. "நாம தப்பா நெனைக்கப்படாது."

"இடுப்புலயாம்மா எறங்குது? நான் லேப்ல ரத்தம் எடுக்கையில கூடக் கேட்டுட்டுத்தான் கையப் புடிக்கிறேன். கைக்கே கேக்குறோம்."

"ஐயா பெத்த தகப்பன் மாதிரி."

"எங்கப்பா என் கல்யாணத்தன்னைக்குக் கூடத் தலையிலதாம்மா கை வச்சாரு."

"உனக்கு வாய் சாஸ்தி."

"வாய் இருந்ததாலதாம்மா ஏழு நிமிசத்துல வெளிய வந்தேன்."

மருமகள் நறுக்குவதை நிறுத்தியிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "எனக்கும்" என்றாள்.

மாமியார் அவர்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ கேட்டார். மருமகள் பதில் சொன்னாள். மாமியார் மறுபடி கொஞ்சம் நீளமாகப் பேசினார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. அதில் பரமக்குடி என்கிற பெயர் மட்டும் இரண்டு தடவை வந்தது. மருமகள் மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள். துண்டுகள் சாம்பாருக்குத் தேவையானதைவிடச் சிறியதாக விழுந்தன.

வேலை முடிந்து படியிறங்கும்போது மாமியார் என்னை நிறுத்தினார்.

"செக்கரட்டரியம்மா, இவ பேர எடுத்துராதீங்க. ரெண்டு தடவ போயிருக்கா, ரெண்டாம் வெள்ளிக்கு மூணாவது. மூணு தடவ போனாத்தான் பிள்ளை தங்கும்னு ஐயா சொல்லிருக்காரு. மாட்டேன்னா பரமக்குடிக்கே போயிரட்டும். திருப்பிக் கூப்பிட மாட்டோம்."

"உங்க மகன் என்ன சொல்றாரு?"

"அவன் என்ன சொல்லுவான். அம்மா சொன்னாச் சரிம்பான்."

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்பது கணக்கு. பெரும்பாலும் பத்து, பதினொன்று என்றுதான் இருந்தது. சில இடங்களில் இருபத்தைந்து, முப்பது. நீண்ட நேரம் இருந்தவர்கள் எல்லோரும் சின்ன வயதுப் பெண்கள். அப்படி இருந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த மாதத்தோடு வருவதை நிறுத்தியிருந்தார்கள். காரணக் கட்டத்தில் என் கையெழுத்தில் வெளியூர், மாமனாருக்கு உடல்நலமில்லை, பஸ் வசதி இல்லை என்று இருந்தது. பஸ் வசதி இல்லை என்று சொன்ன பெண்ணின் வீடு மன்றத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. எழுதும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. கட்டம் காலியாக இல்லாமல் இருந்தால் எனக்குத் திருப்தி.

பஸ் வசதி இல்லை என்ற அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நீங்கதான வெளிய உக்காந்திருந்தீங்க?" என்றாள்.

"ஆமா."

"சத்தம் கேக்கலையா?"

"ஃபேன் சத்தம்."

"சரிக்கா."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவள் வீட்டில் மிக்சி ஓடி நின்றது. பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். முடிவில், "இதக் கேக்க இம்புட்டு நாளாச்சா?" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நோட்டை வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொன்னேன், அன்று தனி வாக்கு நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு சேலைக்கார அம்மா வீட்டுக்குப் போனேன். திருவாதவூர்க்காரியும் லீவு நாளென்று வந்திருந்தாள். முன்னறையில் சேலைக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். மாமியாருக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அதனால் நோட்டில் இருந்த நேரங்களை நானே சொன்னேன்.

"நேரமானா என்ன?" என்றார். "எனக்கு வாக்கு சொன்னப்ப ஒரு மணி நேரம் ஆச்சு."

பார்த்தேன். "உங்களுக்கு ஒன்பது நிமிஷம்."

அவர் முகம் கொஞ்சம் வாடியது.

"நேரா ஸ்டேஷனுக்குப் போவோம்க்கா" என்றாள் திருவாதவூர்க்காரி. "நான் எழுதித் தாரேன்."

"போலீஸ்ல என்ன வேணாலும் எழுதலாம்" என்றார் மாமியார். "நெசமா இருந்தா குடத்துல போடுங்க. புதன்கிழமை பௌர்ணமி. ஐயா வாயால வாசிக்கட்டும். வாசிச்சிட்டு இல்லன்னு சொல்லட்டும். அப்ப இவ பரமக்குடிக்குப் போகட்டும்."

"ஆமான்னு சொன்னா?"

"செய்யாதத எப்படி ஆமாம்பாரு."

"அவரு வாசிக்கவே மாட்டாரும்மா."

"வாசிக்காம விடமுடியாது. விதி இருக்கு. செக்கரட்டரியம்மா, இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன்.

சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. எழுதிவைத்த விதி நடக்கும் என்று நானும் நினைத்தேன். வாழ்க்கையில் பாதியைப் பத்திரங்களோடு கழித்தவள் வேறு எப்படி நினைப்பாள். அந்த அறையில் அதை நம்பாதவள் ஒருத்திதான். அவளும் பெரியவர்கள் இரண்டு பேர் சொல்கிறோமே என்று விட்டுவிட்டாள்.

மருமகள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஐந்து வரி.

தனி வாக்குக்கு இரண்டு முறை போனேன்.
இரண்டு முறையும் ஐயா கதவைத் தாழ் போட்டார்.
என் உடம்பில் கை வைத்தார், வேண்டாம் என்று சொன்னேன்.
வெளியே சொன்னால் பிள்ளை தங்காது என்றார்.
இனி நான் உள்ளே போகமாட்டேன்.

"வாசிங்க" என்றார் மாமியார். வாசித்தேன். "இன்னொரு தடவ." வாசித்தேன். மூன்றாவது தடவை வாசித்து முடித்ததும் மருமகளைப் பார்த்தார்.

"வேண்டாம்னு சொன்னவ, ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேன் அத்தை. ஆனியில. நீங்க ஆர்டர் சேலைய எண்ணிக்கிட்டிருந்தீங்க. அப்புறம் பேசலாம்னீங்க."

"அப்புறம்?"

"பேசல."

மாமியார் சீட்டை வாங்கி எட்டாக மடித்தார். பக்கத்தில் கிடந்த சிவப்பு நூலை எடுத்து அதன்மேல் சுற்றி முடிச்சுப் போட்டார். அவர் கைக்கு எதைக் கொடுத்தாலும் முடிச்சுப் போட்டுவிடும். புதன்கிழமை அவரே கொண்டுபோய்க் குடத்தில் போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கூட்டம் மாலை ஆறு பத்துக்கு ஆரம்பித்தது. கூடம் நிறைந்திருந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். ஐயா விளக்கின் முன் உட்கார்ந்து குடத்துக்குள் கையை விட்டார்.

முதல் சீட்டு முழங்கால் வலி. இரண்டாவது, மகனுக்கு விசா. மூன்றாவது, மேல்வீட்டுக்காரி காயப்போட்ட துணிமேல் தண்ணீர் ஊற்றுகிறாள். "பொறுமை வேணும், கொடியையும் மாத்திக் கட்டணும்" என்றார் ஐயா. கூடம் சிரித்தது. அவர் நன்றாகப் பேசுவார், அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஏழாவதாகச் சிவப்பு நூல் கட்டிய சீட்டு வந்தது. நூலை நகத்தால் தள்ளினார், வரவில்லை. பல்லால் கடித்து அறுத்தார். பிரித்துப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் எனக்கு எதிரே இருந்தது. பதினாறு வினாடி பார்த்தார். பிறகு புன்னகை செய்தார்.

"'ஐயா, கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சு. பிள்ளை இல்லை. நீங்கதான் வழி காட்டணும்.'" காகிதத்தில் கண்ணை ஓட்டிக்கொண்டே இதை வாசித்தார். "பாவம், நல்ல பிள்ளை. குறை தீரும். விடாம தனி வாக்குக்கு வரச் சொல்லுங்க."

மற்றச் சீட்டுகளை வாசித்ததும் தட்டில் வைத்தவர், இதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு குடத்துக்குள் மறுபடி கையை விட்டார்.

சேலைக்கார அம்மா எழுந்தார். அவருக்கும் முழங்கால் வலி உண்டு. முன்னால் இருந்தவளின் தோளைப் பிடித்து எழக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"ஐயா, அது இல்ல."

"என்னம்மா?"

"நீங்க வாசிச்சது அந்தச் சீட்டுல இல்ல."

"அதாம்மா இருக்கு. உக்காருங்க."

"நூல் கட்டுனது நான். அஞ்சு வரி. நீங்க மூணு சொன்னீங்க." அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. வாடிக்கையாளருக்குச் சேலை விலை சொல்லும் அதே குரல். "முதல் வரி. தனி வாக்குக்கு ரெண்டு முறை போனேன்."

"அம்மா, உங்களுக்கு யாரோ…"

"ரெண்டாவது வரி. ரெண்டு முறையும் ஐயா கதவைத் தாழ் போட்டார்."

ஐந்தையும் சொன்னார். ஒரு சொல்கூட மாறவில்லை. ஐயாவின் தம்பி மைக்கை அணைத்தார். பேசிக்கொண்டிருந்தவரிடம் மைக் இல்லை என்பதை அணைத்த பிறகுதான் கவனித்தார்.

முன்வரிசையில் இருந்த கமிட்டித் தலைவர், ஓய்வு பெற்ற வாத்தியார், கையை நீட்டினார். "சீட்டைக் குடுங்கய்யா, நான் வாசிச்சிர்றேன். பிரச்சினை இல்ல."

"எழுத்து சரியில்ல" என்றார் ஐயா.

வாத்தியார் திரும்பி என்னைப் பார்த்தார். "செக்கரட்டரியம்மா, நீங்க எழுதுனதா?"

"நான்தான்."

அந்தக் கூடத்தில் பாதிப் பேருக்கு ரேஷன் கார்டு மனு எழுதிக் கொடுத்தவள் நான். என் எழுத்து சரியில்லை என்பதை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அன்று முதல்முதலாகச் சலசலப்பு வந்தது அதற்குத்தான்.

திருவாதவூர்க்காரி எழுந்து, "மூணாவது வரி எனக்கும் சேத்தி" என்றாள். வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நின்றுகொண்டிருந்தாள். பஸ் வசதி இல்லாதவள். "எனக்கும்" என்று மட்டும் சொன்னாள். மருமகள் எழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, பேசுகிற ஒவ்வொருவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

யாரோ ஒருவர் பொங்கல் ஆறிப்போகுது என்றார். கொஞ்சம் பேர் அதைக் கேட்டு எழுந்து பந்திக்குப் போனார்கள். சாப்பிட்டார்கள். ஐயா பின்பக்க அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அந்த நோட்டு மன்றத்துச் சொத்து, குடுத்துட்டுப் போங்க" என்றார் வாத்தியார்.

"இன்னைக்குக் கூட்டத்துக்கு இன்னும் மினிட் எழுதல. எழுதிட்டுத் தாரேன்."

அவர் ஒப்புக்கொண்டார். மினிட் எழுத வேண்டும் என்று சொன்னால் வாத்தியார்கள் ஒப்புக்கொள்வார்கள்.

படியிறங்கும்போது சேலைக்கார அம்மா என்னிடம் சொன்னார்: "விளக்கு முன்னாடி இல்லாதத வாசிச்சாரே, பாத்தீங்களா?" அதையே தெருமுனை வரை மூன்று தடவை சொன்னார். கை வைத்ததை மருமகள் சொல்லியும் நம்பாதவர், சீட்டை மாற்றி வாசித்ததும் எல்லாவற்றையும் நம்பிவிட்டார். குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நேரங்களைக் குறித்துவைத்து, அவற்றைப் படித்துப் பார்க்காதவள் நான்.

மறுநாள் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் அம்மா நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார்.

"இம்புட்டு தெளிவா யாரும் கொண்டுவந்ததில்ல. நேரம் குறிச்சது யாரு?"

"நான்."

"லிஸ்ட் போட்டது?"

"நான்."

"கதவுக்கு வெளிய உக்காந்திருந்தது?"

"நான்தான்."

அவர் நோட்டை மூடினார். "அப்ப நீங்களும் ஸ்டேட்மென்ட் குடுக்கணும்."

"சாட்சியாவா, வேற மாதிரியா?"

"எழுதுங்க, பாப்போம்."

மூன்று பக்கம் எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லை. பக்கத்து பெஞ்சில் மருமகள் தன்னுடையதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியாரையும் சாட்சியாகப் போட்டார்கள். கையெழுத்துப் போடும்போது, "நான்தான் இவள ரெண்டு தடவயும் கூட்டிட்டுப் போனேன், அதையும் எழுதிக்கங்க" என்றார். எழுதியாயிற்று என்றார் எழுத்தர். மருமகள் முன்னாலேயே சொல்லியிருந்தாள்.

ஐயாவைக் கூட்டிப்போனார்கள், கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்துவிட்டார். மன்றத்தில் இன்னும் வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுகிறார்கள். கூட்டம் குறைவு என்கிறார்கள். எண்ணிப் பார்க்க நான் போகவில்லை.

காவல் நிலையத்துக்குப் போன மறுநாள் ஆடி இரண்டாம் வெள்ளி, மூன்றாவது முறை உள்ளே போக வேண்டியிருந்த நாள், மருமகள் மாட்டுத்தாவணியில் பரமக்குடி பஸ்ஸுக்கு நின்றாள். ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டில். வழியனுப்ப நானும் போயிருந்தேன். மாமியார் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு பேசினார். எனக்குப் புரியட்டும் என்றோ என்னவோ, மருமகள் தமிழிலேயே பதில் சொன்னாள். மாமியாரும் தமிழுக்கு மாறினார்.

"நான்தான் போக வேண்டாங்குறேனே" என்றார் மாமியார்.

"நீங்க போன்னு சொன்னப்ப நான் போகல அத்தை. இப்ப போறேன்."

"எப்ப வருவ?"

"தெரியல."

"அவன் கேட்டா என்ன சொல்ல?"

"கேக்கட்டும். இதுவரைக்கும் எதுவும் கேக்கல."

பஸ் வந்தது. மருமகள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாமியாரும் பின்னாலேயே ஏறினார்.

"நீங்க எதுக்கு?"

"நானும் வாரேன். உங்கம்மாகிட்ட நான்தான் சொல்லணும்."

மருமகள் அவரை இறங்கச் சொல்லவில்லை. மடியில் இருந்த பையை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். மாமியார் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, அதற்குப் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தார். கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்று கேட்டார். இருவரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள்.